ஆறில்லாத ஊரின் ஆற்று நீர்

ஜூன் 5

மதியம் மூன்று மணிக்கு டெண்டர்களைத் திறந்தோம். இப்போதெல்லாம் பெட்டியும் இல்லை, அரக்கு முத்திரையும் இல்லை. செயற்பொறியாளர் சந்தானகிருஷ்ணன் சாரும் நானும் ஆளுக்கொரு கடவுச்சொல் போட்டால் கணினி திறந்துகொள்கிறது. கடற்கரையில் மூன்று கிராமங்களுக்குப் புயல் பாதுகாப்பு மையம் கட்டும் வேலை. கடன் தருவது பன்னாட்டு வளர்ச்சி வங்கி. டிசம்பர் 31க்குள் ஒப்பந்தம் கையெழுத்தாகி வேலை தொடங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் பணம் திரும்பிவிடும்.

நான்கு நிறுவனங்கள் போட்டிருக்கின்றன. மூன்று இந்தப் பக்கத்தவை. நான்காவது தூத்துக்குடி.

வீட்டுக்கு வரும் வழியில் இவருக்குத் தைராய்டு மாத்திரை வாங்க மறந்துவிட்டேன்.

ஜூன் 8

மதிப்பீட்டுக் கமிட்டியில் மூன்று பேர்: சார், கணக்கு அதிகாரி, நான். தொழில்நுட்பப் பகுதியை வாசிப்பது என் வேலை. மற்றவர்கள் கையெழுத்துப் போடுவார்கள்.

மூன்று உள்ளூர் நிறுவனங்களும் கான்கிரீட்டை எப்படிப் பதப்படுத்துவோம் என்பதற்கு ஒரே வரியை எழுதியிருக்கின்றன: "அருகிலுள்ள ஆற்றிலிருந்து நீர் எடுத்து இருபத்தொரு நாள் நனைக்கப்படும்."

மையம் வரப்போகிற மூன்று ஊர்களில் புதுவெளிக்கோ மற்ற இரண்டுக்கோ பக்கத்தில் ஆறு இல்லை. பத்து கிலோமீட்டருக்கு உப்பளமும் உப்பங்கழியும்தான். நல்ல தண்ணீர் லாரியில் வர வேண்டும். இடத்தை நேரில் பார்த்தோம் என்று மூன்று பேரும் தனித்தனியாகச் சான்று கொடுத்திருக்கிறார்கள். நேரில் பார்த்தவன் எவனும் இந்த வரியை எழுத மாட்டான்.

தூத்துக்குடிக்காரர் மட்டும் லாரித் தண்ணீர், அதன் உப்பளவுச் சோதனை, சேமிக்கும் தொட்டி என்று ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறார்.

ஜூன் 9

கிணற்று மோட்டார் ஓடவில்லை. உள்ளே கம்பிச் சுருள் புகைந்துவிட்டதாம்.

ஜூன் 14

சார் அறைக்குக் கூப்பிட்டார். தூத்துக்குடி விண்ணப்பத்தில் விற்றுமுதல் சான்றின் மூன்றாம் பக்கத்தில் ஆடிட்டர் முத்திரை இல்லை, கவனித்தாயா என்றார். கவனித்திருந்தேன். மற்ற நான்கு பக்கங்களிலும் இருக்கிறது. அதைத் தள்ளிவிடலாம் என்றார்.

வங்கியின் விதியில் இதற்கு வழி இருக்கிறது. இப்படிப்பட்ட சிறு குறைக்கு விளக்கம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், விலையை மட்டும் தொடக்கூடாது. எனக்கு அந்தப் பத்தி எண் கூடத் தெரியும். சொல்ல வாய் எடுத்தேன். சார் அதற்குள் வேறு ஃபைலைத் திறந்துவிட்டார்.

ஜூன் 15

தள்ளுபடிக் குறிப்பு எழுதினேன். ஆறு வரி.

ஜூன் 22

ஆற்று நீர் விஷயத்தைச் சாரிடம் சொன்னேன். சிரித்தார். இந்த ஊரில் டெண்டர் டைப் செய்கிற கடைகளே இரண்டோ மூன்றோதான், பழைய ஃபைலிலிருந்து எடுத்துப் போட்டிருப்பான் என்றார். இருக்கலாம். ஆனால் மூன்று நிறுவனங்களின் வங்கி உத்தரவாதமும் ஒரே கிளையில், ஒரே நாளில், அடுத்தடுத்த எண்களில் வாங்கப்பட்டிருக்கிறது. அதை நான் சொல்லவில்லை.

சாரைப் பற்றிக் குறை எழுதுவது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. மாமியாருக்கு மூச்சுத் திணறியபோது தன் காரில் தஞ்சாவூர் வரை கொண்டுபோய்ச் சேர்த்தவர். அடுத்த மே மாதம் ஓய்வு.

ஜூன் 30

அறிக்கையில் கையெழுத்துப் போட்டேன். மூவரில் குறைந்த விலை தியாகேசனுடையது. அவருக்கே சிபாரிசு.

மாலை மகள் கோயம்புத்தூரிலிருந்து பேசினாள். செமஸ்டர் நன்றாக எழுதியிருக்கிறாளாம்.

ஜூலை 4

புதுவெளி இடத்தை அளக்கப் போனோம். டிரைவர் கோரைத்துறை வழியாகப் போகலாமா, ஐந்து கிலோமீட்டர் மிச்சம் என்றார். கிழக்குச் சாலையிலேயே போகச் சொன்னேன். அந்த வழி ரோடு மோசம்.

ஜூலை 11

ரோடு மோசமில்லை. போன வருடம்தான் புதிதாகப் போட்டார்கள். ஏன் அப்படி எழுதினேன் என்று தெரியவில்லை.

ஜூலை 19

யாருக்கு வேலை என்று அறிவித்த பிறகு பத்து வேலை நாள் காத்திருக்க வேண்டும் என்பது வங்கியின் விதி. அதற்குள் தோற்றவர் காரணம் கேட்டால் உட்காரவைத்துச் சொல்ல வேண்டும். தூத்துக்குடிக்காரர் கேட்டிருந்தார். சார் சென்னைக்குப் போய்விட்டதால் நான் உட்கார்ந்தேன்.

பெயர் மரியசெல்வம். அறுபது வயது இருக்கும். இரவு பஸ்ஸில் வந்தது சட்டையின் கசங்கலில் தெரிந்தது. தள்ளுபடிக் குறிப்பை வாசித்துக் காட்டினேன். அவர் குரலை உயர்த்தவில்லை. ஒரு போன் செய்திருந்தால் அரை மணி நேரத்தில் முத்திரை போட்டு அனுப்பியிருப்பேனே என்று மட்டும் கேட்டார். பிறகு, ஜெயித்தவர் தண்ணீருக்கு என்ன வழி எழுதியிருக்கிறார் என்றார். மற்றவருடைய விவரத்தைச் சொல்ல விதியில் இடமில்லை என்றேன். அது உண்மையும்கூட.

எழுந்தபோது சொன்னார்: "நான் இந்த எடத்துக்கு மூணு தடவ வந்தேன் மேடம். கோரைத்துறைல நிக்கிற பழைய ஷெல்டரையும் பாத்தேன். அதப் பாத்த பொறவுதான் தண்ணிக்கு ஒன்றரைப் பக்கம் எழுதுனேன். நீங்க பாத்திருப்பீங்க."

பார்த்திருக்கிறேன் என்றேன்.

ஜூலை 20

பார்த்தது 2020ல். அதற்குப் பிறகு போகவில்லை.

ஜூலை 23

ஞாயிறு. இட்லி மாவு புளித்துவிட்டது. ஊத்தப்பம் போட்டேன்.

ஜூலை 27

அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு தனியாகக் கோரைத்துறைக்குப் பஸ்ஸில் போனேன்.

கஜா புயலுக்குப் பிறகு கட்டிய மையம் அது. தூண்கள் மேல் முதல் தளம், கீழே காலி. தூரத்திலிருந்து பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. பக்கத்தில் போனால் கடல் பக்கத்துத் தூண்களில் நீளவாக்கில் வெடிப்பு, வெடிப்பு நெடுகத் துருக்கறை. கூரையின் அடியில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது. ஒரு கம்பியை விரலால் தேய்த்தேன். செதில் செதிலாக வந்தது. மூன்று வருடத்தில் இப்படி ஆக ஒரே காரணம்தான் உண்டு. உப்புத் தண்ணீரில் குழைத்து, உப்புத் தண்ணீரிலேயே நனைத்திருக்கிறார்கள்.

கீழே கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த பெண் யாரென்று கேட்டாள். இன்ஜினியர் என்றேன். பெயர் அஞ்சம்மாள். சாவி பஞ்சாயத்தில் இருக்கிறது, ஆனால் யாரும் மேலே போவதில்லை என்றாள். போன ஐப்பசியில் காற்று அடித்தபோது ஒதுங்கப் போனவர்கள் மேல் காரை விழுந்து அவள் தோள்பட்டை எலும்பு விலகியிருக்கிறது. கை இப்போதும் காதுக்கு மேல் உயரவில்லை. தூக்கிக் காட்டினாள்.

"வெளிய நின்னா காத்து. உள்ள போனா கட்டடம். எதுக்குப் பயப்படுறதுன்னு தெரியலம்மா. இத யாரு பாத்து நல்லாருக்குன்னு சொன்னாங்களோ."

அவள் என்னைத் தெரிந்து கேட்கவில்லை. பொதுவாகத்தான் சொன்னாள். நான் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன். பஸ் அதற்கப்புறம் ஒரு மணி நேரம் கழித்துத்தான் வந்தது.

ஜூலை 28

எழுதிவிடுகிறேன்.

கோரைத்துறை மையத்தைக் கட்டியதும் தியாகேசன்தான். 2020 பிப்ரவரியில் நிறைவுச் சான்றில் கையெழுத்துப் போட்டது நான். தண்ணீர்ச் சோதனை அறிக்கைகள் பன்னிரண்டு இருந்தன. எல்லாவற்றிலும் ஒரே உப்பளவு. பன்னிரண்டு மாதத்துத் தண்ணீர் ஒரே அளவில் இருக்காது என்று எனக்குத் தெரியும். சார், "நீ போடும்மா, நான் பாத்துட்டேன்" என்றார். போட்டேன்.

அந்த மாதக் கடைசியில் எனக்கு வந்திருந்த கிருஷ்ணகிரி மாறுதல் ரத்தானது. மகள் பன்னிரண்டாம் வகுப்பு, மாமியார் படுக்கையில். அது வேறு விஷயம்.

ஆகஸ்ட் 2

வங்கிக்கு எழுதிய கடிதத்தை வீட்டில் காட்டினேன். இவர் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து வாசித்தார். மூன்று பக்கம். ஆற்று நீர் வரி, உத்தரவாத எண்கள், தூத்துக்குடி விண்ணப்பத்தைத் தள்ளிய விதம், 2020 சான்று.

"பேர் போடாம அனுப்பலாம்ல. வங்கில அதுக்கும் வழி இருக்குன்னு நீதானே சொன்ன."

"இருக்கு. ஆனா யார் எழுதினான்னு இங்க தேடுவாங்க. கடைசியில டைப்பிஸ்ட் தலையில கட்டுவாங்க. அவளுக்கு வேலை இன்னும் நிரந்தரமாகல."

கடிதத்தைத் திரும்ப ஒருமுறை வாசித்தார். பிறகு, கடைசிப் பத்தி கடிதத்தின் மற்றப் பகுதியைப் போல இல்லையே, உன்னைப் பற்றி எழுதும்போது மட்டும் வாக்கியம் சுற்றி வளைக்கிறதே என்றார். தமிழாசிரியர். அதைத் திருத்தி எழுதினேன்.

ஆகஸ்ட் 4

காலை 9.40க்கு என் பெயரிலேயே அனுப்பினேன். பிறகு அலுவலகம் போய் வழக்கம்போல அளவுப் புத்தகங்களைச் சரிபார்த்தேன்.

ஆகஸ்ட் 5

பதில் இல்லை.

ஆகஸ்ட் 9

பெற்றுக்கொண்டோம் என்று இரண்டு வரி.

ஆகஸ்ட் 22

ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டிய நாள். வங்கி நிறுத்திவைக்கச் சொல்லிவிட்டதாகச் சார் கமிட்டியில் சொன்னார். யாரையும் பார்க்காமல் சொன்னார். தூத்துக்குடிக்காரன்தான் எழுதியிருப்பான் என்றார் கணக்கு அதிகாரி. கமிட்டி விஷயங்களில் அவர் வாய் திறந்து நான் கேட்டது இதுதான் முதல் தடவை. நான் காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 6

வங்கியின் விசாரணை அதிகாரி வந்தார். கென்யாக்காரர், பெயர் வஞ்சிரு. என்னைவிடச் சின்னவர். இங்கே அலுவலகத்தில் வேண்டாம் என்று திருவாரூரில் ஒரு விடுதிக்கு வரச் சொல்லியிருந்தார். ஆங்கிலத்தில் பேசினோம். ஐந்து மணி நேரம்.

மூன்று விண்ணப்பங்களின் கணினிக் கோப்புகளையும் ஏற்கெனவே சோதித்திருக்கிறார்கள். மூன்றும் ஒரே கணினியில், ஒரே பயனர் பெயரில் உருவானவை. தியாகேசன் ஜெயிக்க மற்ற இரண்டும் துணைக்கு நின்றிருக்கின்றன. மூன்று நிறுவனங்களின் உண்மையான உரிமையாளர்கள் யார் என்று தோண்டியபோது ஒரே குடும்பத்தின் பெயர்கள்தான் வந்திருக்கின்றன. இதே ஆட்கள் வேறொரு பெயரில் இன்னொரு நாட்டுப் பள்ளிக்கூட டெண்டரிலும் இருப்பதாகச் சொன்னார். எந்த நாடு என்று சொல்லவில்லை.

டீ குடிக்கும்போது அவர் ஊரைப் பற்றிக் கேட்டேன். அவர் படித்த பள்ளிக்குப் போகும் பாலத்தை எட்டு வருடத்தில் இரண்டு தடவை கட்டினார்களாம். இரண்டாவதும் போனபின் பிள்ளைகள் கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் ஆற்றைக் கடந்தார்களாம்.

பிறகு என் முறை. நிறைவுச் சான்றின் தேதி பிப்ரவரி 11. மாறுதல் ரத்தான ஆணை பிப்ரவரி 26. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று கேட்டார்.

யாரும் எனக்கு அப்படிச் சொல்லவில்லை என்றேன். அவர் பென்சிலை வைத்துவிட்டுக் காத்திருந்தார். சொல்லவேண்டிய அவசியம் இருக்கவில்லை என்றேன். உண்டு என்றேன்.

எழுதிக்கொண்டார்.

செப்டம்பர் 7

தலைவலி. விடுப்பு.

செப்டம்பர் 20

சாருக்குத் தெரிந்துவிட்டது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் மேசைக்கே வந்தார். நான்கு வருடத்தில் அவர் என் மேசைக்கு வந்ததில்லை. எழுந்து நின்றேன். உட்கார் என்று கைகாட்டினார்.

"உன்மேல எனக்குக் கோபம் இல்லம்மா. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்த மூணு ஊருக்கு ஷெல்டர் வேணுமா, வேண்டாமா?"

"வேணும் சார்."

"தியாகேசன் கட்டினா கொஞ்சம் அப்படி இப்படி இருக்கும். நான் கூட நின்னு வேலை வாங்கியிருப்பேன். ஏதோ ஒண்ணு நின்னிருக்கும். இப்ப மறுபடி டெண்டர் விடறதுக்குள்ள டிசம்பர் போயிடும், பணம் போயிடும். நீ சுத்தமா இருக்கே. அவங்க மழையில இருப்பாங்க."

கோரைத்துறைக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள் சார் என்றேன். பார்த்திருக்கிறேன் என்றார். அவர் டிபன் பாக்ஸைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு போனார்.

அவர் சொன்னதில் டிசம்பர் விஷயம் உண்மை. அதை நான் ஜூலையிலேயே கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். இங்கே எழுதவில்லை, அவ்வளவுதான்.

செப்டம்பர் 29

அலுவலகத்தில் யாரும் என்னோடு சாப்பிடுவதில்லை. டைப்பிஸ்ட் மட்டும் வருகிறாள். அவளை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 17

முடிவு வந்துவிட்டது. கொள்முதல் விதி மீறல் என்று அறிவித்து, மூன்று மையங்களுக்கான கடன் தொகையை வங்கி ரத்து செய்துவிட்டது. மூன்று நிறுவனங்களுக்கும் ஏழு வருடத் தடை. அந்தப் பெயர்கள் உலகம் முழுக்கப் பார்க்கக்கூடிய பட்டியலில் இருக்கும். மற்ற வளர்ச்சி வங்கிகளும் அவர்களுக்கு வேலை தராது. வெளிநாட்டுப் பள்ளிக்கூட டெண்டரிலிருந்தும் நீக்கப்பட்டுவிட்டதாக வஞ்சிரு எழுதியிருக்கிறார்.

சார் தற்காலிகப் பணி நீக்கம். ஓய்வுக்கு ஏழு மாதம் இருக்கும்போது. அவர் வீட்டுக்குப் போக வேண்டும் போலிருந்தது. போகவில்லை. போய் என்ன சொல்ல?

கோரைத்துறைக் கட்டடத்தைப் பூட்டிச் சீல் வைக்க ஆணை. புதுவெளிக்கு எதுவும் இல்லை.

அக்டோபர் 21

மரியசெல்வம் போன் செய்தார். நன்றி சொல்லத்தான் என்று நினைத்தேன். மூன்று மாதமாக ஆட்களை வேறு வேலைக்கு விடாமல் பிடித்துவைத்திருந்தாராம், இனி அனுப்பிவிடுவதாகச் சொன்னார். நீங்கள் எழுதியிருக்காவிட்டாலும் இந்த வேலை எனக்கு வந்திருக்காதுதானே என்றார். வைத்துவிட்டார்.

நவம்பர் 3

எனக்கும் வந்துவிட்டது. குற்றச்சாட்டுக் குறிப்பாணை. ஒரே குற்றச்சாட்டு: 2020ல் சோதனை அறிக்கைகளைச் சரிபார்க்காமல் நிறைவுச் சான்று வழங்கியது. சங்கத்துக்காரர் வந்து, மேலதிகாரி சொன்னார் என்று எழுதுங்கள், தப்பித்துவிடலாம் என்றார். சரிபார்க்காமல் போட்டிருந்தால் அப்படி எழுதலாம். நான் சரிபார்த்து, பொய் என்று தெரிந்துதான் போட்டேன்.

குற்றச்சாட்டை ஏற்கிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். ஊதிய உயர்வு இரண்டு வருடம் நிற்கும் என்கிறார்கள், அல்லது அதற்கு மேலும். இவர், மகளின் கடைசி வருடக் கட்டணத்துக்குச் சொசைட்டியில் கேட்டுப் பார்க்கிறேன் என்றார்.

நவம்பர் 27

வங்கக் கடலில் தாழ்வு மண்டலம். ரேடியோவில் மீனவர்களைக் கரை திரும்பச் சொல்கிறார்கள்.

நவம்பர் 28

கடலோரக் கிராமங்களைக் காலி செய்ய ஆணை. ஆள் போதவில்லை. என்னைப் புதுவெளிக்குப் போட்டார்கள். யார் போட்டார்களோ, தெரிந்து போட்டார்களா என்று தெரியவில்லை.

காலை பதினோரு மணிக்கு ஐந்து பஸ்கள். பதினெட்டு கிலோமீட்டர் உள்ளே ஒரு மேல்நிலைப் பள்ளி. முதல் நடையில் வயதானவர்கள், கைக்குழந்தைக்காரிகள். மூன்றாவது நடையில் போகும்போது சாலையில் ஒரு மரம் விழுந்துவிட்டது. வெட்டி அகற்ற இரண்டு மணி நேரம். அந்த இரண்டு மணி நேரமும் நூற்றிருபது பேர் பஸ்களுக்குள் உட்கார்ந்திருந்தார்கள், காற்று பஸ்களைத் தள்ளிக்கொண்டிருந்தது. புதுவெளியில் மையம் கட்டத் தேர்ந்த இடம் அவர்கள் வீடுகளிலிருந்து நடந்துபோகிற தூரம். டிரைவர் இருக்கைக்குப் பின்னால் நின்றுகொண்டு அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மரம் அகன்றது. எல்லோரும் வந்து சேர்ந்தோம்.

நவம்பர் 29

விடியற்காலையில் புயல் கரை கடந்தது. பயந்த அளவுக்கு இல்லை. புதுவெளியில் பதினோரு வீட்டுக் கூரை போயிற்று. உயிர்ச் சேதம் இல்லை. கோரைத்துறையில் பூட்டிய கட்டடத்தின் கடல் பக்கத்துப் படிக்கட்டு இடிந்து விழுந்துவிட்டது என்று வயர்லெஸ்ஸில் சொன்னார்கள்.

காலை எட்டு மணிக்குப் பள்ளிக்கூட வராந்தாவில் கிச்சடி கொடுத்துக்கொண்டிருந்தோம். புதுவெளியைச் சேர்ந்த நாகவல்லி, மடியில் இரண்டு மாதக் குழந்தை, தட்டை வாங்காமல் என்னைப் பார்த்தாள்.

"எங்க ஊருக்கு வரவேண்டிய கட்டடம் ஒங்களாலதான் நின்னுபோச்சுன்னு சொல்றாங்க. நெசமா?"

வரிசை நின்றது. கரண்டியைக் கீழே வைத்தேன்.

"ஆமா. நான்தான் எழுதினேன்."

ஏன் என்று கேட்டாள். சொன்னேன். ஆற்று நீர் வரியிலிருந்து ஆரம்பித்து, கோரைத்துறைச் சான்றில் இருப்பது என் கையெழுத்து என்பதுவரை. வராந்தாவில் கோரைத்துறைக்காரர்களும் இருந்தார்கள். அஞ்சம்மாள் தூணோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நான் முடித்தபின் அவள்தான் முதலில் பேசினாள்.

"அன்னிக்கு நான் கேட்டப்ப ஏன் சொல்லல?"

"தைரியம் இல்லம்மா."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மன்னிக்கிற மாதிரி எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று நான் எதிர்பார்த்தது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. ஆனால் சிறிது நேரம் கழித்து நாகவல்லியிடம் சொன்னாள்: "அந்த ஆளு ஒங்களுக்கும் அதே மாதிரிதான் கட்டியிருப்பான். நேத்து நீங்க அதுக்குள்ளதான் இருந்திருப்பீங்க. படி விழுந்த சேதி கேட்டல்ல."

"சரி," என்றாள் நாகவல்லி. "அடுத்த மழைக்கும் பஸ்ஸுதானா?"

தெரியவில்லை என்றேன். மாநில அரசின் நிதியில் எடுத்துச் செய்யலாம், யாராவது விடாமல் கேட்க வேண்டும் என்றேன். எப்படிக் கேட்பது என்றாள்.

தலைமையாசிரியர் அறையிலிருந்து தாள் வாங்கிக்கொண்டு வந்தேன். அவர்கள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கட்டடம் வேண்டும் என்பது முதல் வரி. யார் எவ்வளவுக்குக் கேட்டார்கள், யாரை ஏன் தள்ளினார்கள் என்பதை ஊர் பார்க்கும்படி பஞ்சாயத்துப் பலகையில் ஒட்ட வேண்டும் என்றேன். எழுதச் சொன்னார்கள். தண்ணீர் லாரி வருகிற ஒவ்வொரு நாளும் எங்கள் ஊர் ஆள் ஒருவர் கூட நின்று சோதனையைப் பார்க்க வேண்டும் என்றாள் அஞ்சம்மாள், என்னைப் பார்க்காமலே. பார்க்கிறவர்கள் அந்தத் தாளில் கையெழுத்தும் போட வேண்டும் என்று பின்னாலிருந்து ஒருத்தி சேர்த்தாள். அதையும் எழுதினேன்.

கையெழுத்துப் போட ஆரம்பித்தார்கள். நாகவல்லி பேனாவை என்னிடம் நீட்டினாள்.

"நீங்க போடலயா?"

அரசு ஊழியர், அதிலும் விசாரணையில் இருப்பவள், நான் போட்டால் மனுவே கெட்டுப்போகும் என்றேன். அவள் யோசித்தாள். பிறகு குழந்தையைத் தூக்கி என் கையில் கொடுத்துவிட்டு, குனிந்து, தன் பெயரை எழுத்துக் கூட்டி எழுதத் தொடங்கினாள்.